கல்விக் கடன் கட்டாவிட்டால் நர்ஸ் லைசென்ஸ் போய்விடுமா?

கிரீன் கார்டில் ஹூஸ்டன் வந்திருக்கிறீர்கள், கடன் வாங்கி நர்ஸிங் படிக்க ஆசை. கட்ட முடியாமல் போனால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களாமே, அத்தான் வேறு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார், என்ன செய்யலாம் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீங்கம்மா. டெக்சாஸில் அந்தச் சட்டத்தை 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கேள்விப்பட்டது வெறும் வதந்தி இல்லை. இங்கே நர்ஸ் லைசென்ஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சட்டம் இருந்தவரை, அரசு உத்தரவாதக் கடன் பாக்கி என்று பதிவாகியிருந்தால் புதுப்பிக்காமல் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். என்னோடு நைட் டியூட்டி பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. லைசென்ஸ் நிலவரத்தை ஆன்லைனில் யாரும் பார்க்கலாம். மேனேஜர் பார்த்தார், அடுத்த வார டியூட்டி ஷீட்டில் அவர் பெயரைக் காணோம். பிழைப்பைப் பறித்துவிட்டுக் கடனைக் கட்டு என்றால் எங்கே போவது? 2017-ல் நியூயார்க் டைம்ஸ் விசாரித்தபோது 19 மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருந்தது. டென்னசியில் மட்டும் ஐந்து வருடத்தில் 5,400 பேருக்கு மேல் சிக்கினார்கள். அப்புறம்தான் பல மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வேறு மாநிலத்துக்கு மாறினால் அங்கே என்ன நிலைமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் தப்பினாலும் சம்பளம் தப்பாது, அதுதான் விஷயம். ஃபெடரல் கடனில், அதாவது மத்திய அரசுக் கடனில், 270 நாள் தவணை கட்டாவிட்டால் டிஃபால்ட், கடனைக் கட்டத் தவறியவர் என்று கணக்கு. பிறகு கோர்ட்டுக்கே போகாமல் சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்கலாம், வரி ரீஃபண்டையும் எடுத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் சிலர் கடிதம் வந்தால் கூச்சப்பட்டுப் பிரிக்காமலே வைத்துவிடுவார்கள். வீடு மாறினால் புது முகவரியும் சொல்ல மாட்டார்கள். அப்படி இருக்காதீர்கள். கை இறுக்கமான முதல் மாதமே, தவணையை வசூலிக்கும் நிறுவனமான லோன் சர்வீசரைக் கூப்பிட்டு, வருமானத்துக்கேற்ற தவணை கேளுங்கள். தள்ளிப்போடவும் வழி உண்டு.

சரி, கடன் வாங்குமுன் ஃபாஃப்சா (FAFSA) என்ற, மத்திய அரசின் படிப்பு உதவிக்கான விண்ணப்பத்தைப் போடுங்கள். மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடைக்காத வசதி, கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு உண்டு. வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை கிடைத்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங் என்றால் செலவு இன்னும் குறையும். மீதிக்கு ஃபெடரல் மாணவர் கடன். அதற்கு ஜாமீனே தேவையில்லை. ஜாமீன் கேட்பது பெரும்பாலும் தனியார் கடன்காரர்கள்தான், நீங்கள் கட்டாவிட்டால் அத்தான் கழுத்தில் வந்து நிற்பார்கள். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.