மஞ்சள் நட்சத்திரமும் ஒரு கணக்கும்

அன்புள்ள ஐயா,

பர்மிங்காமில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த வரலாறு, பாடமாக உண்டு. அண்மையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, வகுப்பில் நடிக்க வைக்காதீர்கள், பிணக்குவியல் படங்களைக் காட்டாதீர்கள் என்றார்கள். எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியரோ பாதி வகுப்புக்கு, நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்தி, மீதிப் பேரை விட்டு அவர்களை அதட்டச் சொல்வார். பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். "அதுதான் மறக்காது" என்பார். உலுக்காமல் எப்படிப் புரியவைப்பது?

கே.

அன்புள்ள கே.,

நான் பயிற்சி கொடுத்தவர்கள் பக்கம். நட்சத்திரம் குத்திக்கொண்ட பிள்ளைக்கு, மாலையில் மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தெரியும். போலந்தில் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் அப்படி ஒரு மணி அடிக்கவில்லை. அப்புறம், அதட்டும் வேஷம் கிடைத்தவர்களில் சிலர் அதை ரசித்திருப்பார்கள். அழுதவர்களை மட்டும்தான் அவர் கவனித்திருக்கிறார். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகமும் ஆசிரியர்களிடம் இந்த நடிப்பு வேண்டாம் என்றே சொல்கிறது.

படங்கள் விஷயமும் அதேதான். பிணமாக மட்டுமே பார்த்த ஒருவரை மனிதராக நினைப்பது கஷ்டம். ஜெருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷேம், போருக்கு முந்தைய வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்கச் சொல்கிறது. வார்சா கெட்டோவுக்குள் எம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாய்வாளர் ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் நடத்தினார். நாட்குறிப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், ரேஷன் சீட்டுகள், மிட்டாய்க் காகிதம்கூட அதில் இருந்தன. எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946இல் ஒரு பகுதியும் 1950இல் இன்னொரு பகுதியும் கிடைத்தன. அவரும் பள்ளியில் வரலாறு எடுத்தவர்தான். வகுப்பில் அந்த மிட்டாய்க் காகிதத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இந்தப் பயிற்சிகளில் எனக்கு ஒரு குறை உண்டு. மாணவர்களின் மனதில் இருக்கும் வெறுப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அன்றைய ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். 1933 ஏப்ரலில் யூத ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். 1938 நவம்பரில் மிச்சமிருந்த யூத மாணவர்களையும் வெளியேற்றினார்கள். வருகைப் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர்களை அடித்தது யார்? ஹிட்லர் வந்து அடிக்கவில்லை. 1937க்குள் ஜெர்மானிய ஆசிரியர்களில் 97 விழுக்காட்டினர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் இருந்தார்கள்.

அந்தக் காலக் கணக்குப் புத்தகம் ஒன்றில் இப்படி ஒரு கேள்வி: ஒரு மனநோய் விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது. அந்தப் பணத்தில் 15,000 மார்க் வீதம் எத்தனை வீடுகள் கட்டலாம்? விடை 400. சரியாகப் போட்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண். 1939இல் அப்படிப்பட்ட விடுதிகளில் இருந்தவர்களைக் கொல்லும் திட்டம் தொடங்கியது. அதில் வேலை பார்த்தவர்கள் சிலர் பிறகு டிரெப்ளிங்கா, சோபிபோர் கொலை முகாம்களுக்கு வேலைக்குப் போனார்கள்.

அந்த மூத்த ஆசிரியரோடு சண்டை வேண்டாம். இந்தக் கணக்கை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். கணக்கு ஆசிரியரையும் கூப்பிடுங்கள்.