பாட்டிலைத் தட்டிவிடும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையைப் பாட்டிலுக்குப் பழக்குவது பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்துள்ளன. நான்கும் வடசென்னையிலிருந்து வந்தவை என்பதாலும், ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதாலும் இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். மகப்பேறு வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அனுபவத்தில் இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நாலரை மாதம் ஆகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவருகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் விடுப்பு முடிந்து, கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். மெட்ரோவில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் நான் வீட்டில் இருக்க மாட்டேன். பீய்ச்சி எடுத்த பாலைப் பாட்டிலில் கொடுத்தால், நாக்கால் தள்ளிவிட்டு உடம்பை வில்லாக வளைத்துக் கத்துகிறான். நான்கு வகை நிப்பிள் வாங்கிப் பார்த்துவிட்டோம். பசித்தால் தானாகக் குடிப்பான் என்று மாமியார் சொன்னதால் ஒருநாள் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அழுது அழுது தூங்கிப்போனானே தவிர, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உரம் விழுந்திருக்கும், அதாவது தூக்கும்போது சுளுக்கிக்கொண்டிருக்கும், போய் எடுத்துவரலாம் என்கிறார் அவர். என்ன செய்வது?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உரத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மடியில் வயிறாரக் குடித்துவிட்டு, பாட்டிலைப் பார்த்தால் மட்டும் அழுகிற குழந்தைக்கு அப்படி எதுவும் விழுந்திருக்க வழியில்லை. உரம் எடுப்பதாகச் சொல்லிப் புடவையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் பிஞ்சுக் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்தானவை. மாமியாரின் கவலை நியாயமானதுதான். அந்த வைத்தியம் மட்டும் வேண்டாம்.

பிள்ளை ஏன் தள்ளுகிறான் என்பதை அவன் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். தாயின் மார்பில் வாய் வைத்ததும் பால் கொட்டிவிடுவதில்லை. குழந்தை முதலில் வேகவேகமாகச் சப்பிய பிறகே சுரந்து இறங்குகிறது, அதன்பின்னும் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் வருகிறது, நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள இடமும் கிடைக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தாலோ, அவன் சப்பினாலும் சப்பாவிட்டாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். படுத்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது தொண்டைக்கு நேராகப் போய் இறங்கும். இரண்டு முறை புரையேறினால் மூன்றாவது முறை நிப்பிளைக் கண்டதுமே வாயை மூடிக்கொள்வான். அதைப் பிடிவாதம் என்று சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே, பாட்டிலை மார்பைப் போல மெதுவாக்க வேண்டும். குழந்தையை மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, தலையையும் கழுத்தையும் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நிப்பிளை வாய்க்குள் திணிக்காமல், மேலுதட்டில் மெல்லத் தடவி, அவனே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும்வரை காத்திருங்கள். வாங்கியதும் பாட்டிலைத் தரைக்கு இணையாகப் படுக்கையாகப் பிடித்தால், அவன் இழுத்தால் மட்டுமே பால் வரும். நான்கைந்து முறை விழுங்கியதும் பாட்டிலின் அடிப்பக்கத்தைத் தாழ்த்தி, பால் பின்வாங்கும்படி சற்று நிறுத்துங்கள். முகத்தைத் திருப்பினாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, கடைவாயில் பால் வழிந்தாலோ வேகம் அதிகம் என்று பொருள். இப்படிக் கொடுத்தால் ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். மார்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகத்தானே செய்கிறது?

பசி வந்தால் எதையும் தின்போம் என்பது பெரியவர்கள் விஷயத்தில் சரி. கைக்குழந்தைக்குப் பசி முற்றிவிட்டால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் பொறுமை இருக்காது. கடைசியாகக் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆன சமயத்தில், பசி லேசாக எட்டிப் பார்க்கும்போது, 15 அல்லது 20 மில்லி பாலை மட்டும் வைத்து ஆரம்பியுங்கள். தூளியிலிருந்து அரைத் தூக்கத்தில் எழும் பிள்ளைகள் சில நேரம் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மடிக்கு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும், தூளிக்குள்ளேயே பாட்டிலை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் எந்த வயதிலும் கூடாது. பத்து நிமிடம் முயன்றும் அழுதால் நிறுத்திவிட்டு, தூக்கித் தேற்றி, மறுநாள் பாருங்கள். மூன்று வாரம் என்பது போதுமான காலம்தான். நாளுக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை முயன்றால் போதும்.

கொடுப்பவர் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. உங்கள் மடியில் உட்கார்ந்து, உங்கள் பால் வாசனையை முகர்ந்துகொண்டே வேறொன்றை வாயில் வாங்க அவனுக்கு என்ன தலையெழுத்து? நம் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் நீங்கள் சமையல் மேடை அருகே நின்றாலும் குரல் கேட்டுவிடும். கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிடுங்கள். நீங்கள் உடுத்திய புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டி கொடுத்தால் சில குழந்தைகள் அடங்கும், சில குழந்தைகள் ஏமாற்றப்பட்டதாக இன்னும் கத்தும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நிப்பிளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மெதுவாகச் சொட்டும் ஒன்றைத் தேர்ந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அதிலேயே நில்லுங்கள். ஊசியைக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்குவது நம் வீடுகளில் பரம்பரையாக நடக்கும் தவறு. எந்த நிறுவனத்துப் பாட்டில் நல்லது என்று பலர் கேட்கிறீர்கள். பால் பாட்டிலையும் தாய்ப்பாலுக்கு மாற்றான மாவையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது. பெயர் சொல்லி விளம்பரமாக்க எனக்கும் மனமில்லை.

அளவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இந்த வயதுக் குழந்தைக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கு வைத்தால், பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி; 80 முதல் 100 மில்லி வரை மூன்று நான்கு வேளையாகப் பிரியும். புறப்படும் முன்பும் வந்த உடனேயும் நீங்களே பால் கொடுத்துவிட்டால் அதிலும் ஒரு வேளை குறையலாம்.

அப்படியும் பிள்ளை பாட்டிலை ஏற்கவில்லை என்றால், பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடையை எடுங்கள். எதற்கும் ஒன்று வாங்கி வையுங்கள் என்றே சொல்வேன். வண்ணாரப்பேட்டைப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வரில் கிடைக்கும். சப்பத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இதைக் கொண்டுதான் பால் புகட்டுகிறோம். மூக்குப் போன்ற முனையைக் கீழுதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகச் சரித்தால், நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளை தானே உறிஞ்சி விழுங்கும். ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். பாட்டிலைவிடக் கழுவுவதும் எளிது: மூலைமுடுக்கு இல்லை, பிரஷ் வேண்டாம், சோப்பு நீரில் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. ஆறு மாதம் நிறைந்ததும் கூழும் மசித்த சோறும் தொடங்கி, சிறு டம்ளரில் குடிக்கவும் பழக்கப்போகிறீர்கள். பாட்டிலோடு உங்களுக்கு இருப்பது சில வாரங்களின் உறவுதான்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று அறிவுரை கூறுகிறோம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு தனியார் நிறுவனப் பெண்களுக்குக் கிடைப்பது 26 வார விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுத்ததைக் கழித்தால் கையில் நிற்பது உங்களைப் போல ஐந்து மாதம். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். குழந்தைக்கு மட்டும் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் பால் பீய்ச்சி, ஐஸ் பொதி வைத்த பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறிவிடலாம்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த என் பாலில் சோப்பு வாடை வருகிறது. கெட்டுப்போனதா? ஐந்து மாதக் குழந்தை அதைக் குடிக்க மறுக்கிறாள்.
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: கெடவில்லை. பாலில் உள்ள லைபேஸ் என்னும் நொதி கொழுப்பைப் பிரிப்பதால் வரும் வாடை அது, குடித்தால் தீங்கில்லை. புளித்த வாடை வந்தால்தான் கொட்ட வேண்டும். மகள் மறுப்பது பாட்டிலையா, இந்தப் பாலையா என்று அறிய, அப்போதே பீய்ச்சிய பாலைக் கொடுத்துப் பாருங்கள். தண்டையார்பேட்டை வாசகியும் இதைச் செய்து பார்க்கலாம். பால்தான் காரணம் என்றால், பீய்ச்சிய உடனே ஓரத்தில் சிறு குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்கி, சட்டென ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதனால் பாலின் சத்து சிறிது குறையும் என்பதால், பிள்ளை வாடையைப் பொருட்படுத்தாவிட்டால் செய்ய வேண்டியதில்லை. 25 டிகிரி வரையுள்ள அறையில் பால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சித்திரையில் அந்த அறைக்கு எங்கே போவது? எடுத்ததும் உள்ளே வைத்துவிடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் பின்பக்கம் வைத்தால் நான்கு நாள் இருக்கும். வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கேள்வி: மருமகள் வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ஐந்து மாதப் பேரன் பகலில் என்னிடம் பாட்டிலில் 60, 70 மில்லிதான் குடிக்கிறான். அவள் வந்ததும் விடிய விடியக் குடிக்கிறான். அவளுக்குத் தூக்கமே இல்லை. நிப்பிளில் தேன் தடவலாமா? பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்துத்தான் என் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன், இவனுக்கும் கொடுக்கலாமா?
— ஒரு பாட்டி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மூன்று பிள்ளைகளை வளர்த்து, இப்போது நாள் முழுவதும் பேரனையும் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை அம்மா. ஆனால் இரண்டையும் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் துவளச் செய்துவிடும். பசும்பாலும் ஒரு வயது வரை வேண்டாம். இரும்புச்சத்து போதாது, பிஞ்சுச் சிறுநீரகத்துக்கும் சுமை. ஆறு மாதம் வரை வெயில் காலத்தில்கூடத் தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பால் போதவில்லை என்ற நிலை வந்தால், எதைக் கொடுப்பது என்று குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பகலில் கொறித்துவிட்டு இரவில் அம்மாவிடம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போய், முகத்தெளிவோடு விளையாடி, எடையும் ஏறினால் பயமில்லை. சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பகல் அளவை ஏற்ற, ஒரே வேளையில் நிறையக் குடிக்கவைக்க முயலாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 40 மில்லி வீதம் கொடுத்துப் பாருங்கள். சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் கொடுப்பவரைவிட, இடுப்பில் தூக்கி வைத்து வாசலில் போகிற ஆட்டோவைக் காட்டிக்கொண்டே கொடுக்கும் பாட்டியிடம் குழந்தைகள் அதிகம் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மருமகளின் தூக்கத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டும்: அவள் வந்து பால் கொடுத்து முடித்ததும், பத்து மணிவரை பேரனை நீங்களோ மகனோ வைத்துக்கொண்டு, அவளை உடனே படுக்க அனுப்புங்கள்.

கேள்வி: எனக்குத் துறைமுகத்தில் இரவுப் பணி. பகலில் நானே மகளுக்குப் பாட்டில் கொடுக்கிறேன் என்றால், ஆம்பளைக்கு அது வராது என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
— ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: வரும். உங்களிடம் தாய்ப்பால் வாசனை இல்லை என்பதே உங்களுக்குள்ள முதல் தகுதி. பணி முடிந்து வந்ததும் குளித்து, சட்டையை மாற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்காருங்கள். தூக்கக் கலக்கம் இருந்தால் மட்டும் அந்த வேளையைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். பாலைப் புகட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிடக் கூடாது.