பென்டிரைவே சாவின்னா, அது தொலைஞ்சா?

கேள்வி: வீட்டுப் பத்திரம், பேங்க் பேப்பர், அப்பாவோட மெடிக்கல் ரிப்போர்ட்னு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி லேப்டாப்ல வெராகிரிப்ட்ங்கற ஃபைல் பூட்டுற சாஃப்ட்வேர்ல பூட்டி வெச்சிருக்கேன். பென்டிரைவ்ல கீஃபைல் போட்டு அதையே சாவியா வெச்சுக்கிட்டா பாஸ்வேர்டே வேணாம்னு தம்பி சொல்றான். செய்யலாமா? பென்டிரைவ் தொலைஞ்சுட்டா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தம்பி சொல்றது சரிதான், பாஸ்வேர்ட் இல்லாம கீஃபைல் மட்டும் இருந்தாலும் வெராகிரிப்ட் திறக்கும். ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. பென்டிரைவ்ல இருக்கறது வெறும் ஒரு ஃபைல், எங்க சொருகினாலும் யாரும் ரெண்டு செகண்ட்ல காப்பி எடுத்துக்கலாம், எடுத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்கவும் குடுப்போம் இல்லையா, அங்கதான் ஆபத்து. சாவிக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடுங்க, பாஸ்வேர்டும் இருக்கட்டும்.

எந்த ஃபைலையும் கீஃபைலா வெச்சுக்கலாம்னு சொல்வாங்க, நான் அதை நம்பி ஒரு கல்யாண போட்டோவ வெச்சேன். ஒருநாள் போட்டோ சாஞ்சு இருக்கேன்னு திருப்பி சேவ் பண்ணிட்டேன், அவ்ளோதான், பூட்டு திறக்கல. பாஸ்வேர்ட் தப்பா கீஃபைல் தப்பான்னுகூட அது பிரிச்சுச் சொல்லாது, ராத்திரி முழுக்க பாஸ்வேர்டையே மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டு இருந்தேன், விடியக்காலைல கேமரா கார்டுல அதே போட்டோ பழையபடி கிடைச்சதுலதான் உயிரே வந்துச்சு. ஃபைலோட முதல் 1 எம்பி-ய வெச்சுத்தான் வெராகிரிப்ட் சாவி பண்ணுது, அதுல ஒரு பிட் மாறினாலும் சாவி வேற. பேரை மாத்தினா பரவால்ல. வாட்ஸாப்ல போட்டோவா அனுப்பிட்டு திரும்ப டவுன்லோட் பண்ணினா அது சுருங்கிப்போய் வேற ஃபைல் ஆயிடும், பாட்டு ஃபைல்ல ஆல்பம் படம் மாத்தினாலும் இதே கதிதான். அதனால டூல்ஸ் மெனுல இருக்கற கீஃபைல் ஜெனரேட்டர்லயே ஒண்ணு உருவாக்கிக்குங்க, சாதாரணமா 64 பைட்தான் வரும், யாரும் அதைத் திறந்து திருத்தப் போறதில்ல.

தொலைஞ்சா? வேற காப்பி இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது, வெராகிரிப்ட் பண்ணினவங்களாலயும் முடியாது. பென்டிரைவ் எப்போ சாகும்னு யாருக்கும் தெரியாது, அதனால அதே கீஃபைலை இன்னொரு பென்டிரைவ்ல போட்டு பேங்க் லாக்கர்லயோ அக்கா வீட்லயோ வைங்க, லேப்டாப் பையில மட்டும் வேணாம். டூல்ஸ்லயே வால்யூம் ஹெடர் (பூட்டைத் திறக்கத் தேவையான, பூட்டின ஃபைலோட தலைப்பகுதி) பேக்கப்பும் இருக்கு, அதையும் எடுத்துடுங்க. அந்த ரெண்டாவது பென்டிரைவைச் சொருகி ஒருதடவை நீங்களே திறந்து பாத்துட்டு, அப்புறமா வெளியில இருக்கற ஸ்கேனையெல்லாம் அழிங்க.