ஃபார்மட் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய லேப்டாப் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. ஆன் செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வருகிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடுகிறது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். ஃபார்மட் போடணும், 'டேட்டா கா கேரண்டி நஹி' (உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை) என்கிறார். தங்கை கல்யாணப் போட்டோ மொத்தமும் அதில்தான். என்ன செய்வது?
– மாட்டுங்கா வாசகர்

பதில்: ஃபார்மட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கெட்டிருப்பது பெரும்பாலும் விண்டோஸ்தான், போட்டோக்கள் அதே டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கலாம். பூட்டு மக்கர் பண்ணினால் பீரோவையா கொளுத்துவோம்?

வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச சிஸ்டம்) ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள் (அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாக எடுங்கள்). அதை அப்பாவின் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்த கையோடு பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸைத் தொடாமலே ஒரு முழு டெஸ்க்டாப் வந்து நிற்கும். அங்கே 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். உள் டிஸ்க்கைத் திறந்து, 'யூசர்ஸ்' ஃபோல்டரில் அப்பா பெயரில் இருப்பதை அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸ் முழுதாக அணையாமல் வைக்கும் வசதி) காரணமாக டிஸ்க் 'ரீட் ஒன்லி' என்று திறந்தால் பயப்பட வேண்டாம், நமக்குப் படிக்க முடிந்தால் போதும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்டால்தான் கொஞ்சம் சிக்கல். 48 இலக்கம். அப்பா மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், போனிலிருந்தே அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள், பல சமயம் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

காப்பி முடிகிற வரை எந்த ரிப்பேரும் வேண்டாம், முக்கியமாக செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி) வேண்டவே வேண்டாம். ஒரு தடவை பக்கத்து வீட்டு டிஸ்க்கில் அவசரப்பட்டு நானே அதை ஓடவிட்டேன். முடிந்ததும் பார்த்தால் வரிசையாக இருந்த படங்கள் 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டருக்குள் பெயர் இல்லாத துண்டுகளாகக் கிடந்தன, அந்த வீட்டு அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது இயந்திரக் கோளாறு, ஓட ஓட மோசமாகும், டேட்டா மீட்கும் ஆட்களிடம்தான் போக வேண்டும், செலவும் கூடும். சத்தமில்லை, ஆனால் காப்பி பாதியில் பாதியில் நிற்கிறது என்றால் சிஸ்டம்ரெஸ்க்யூ (மின்ட் போலவே பென்டிரைவில் ஏற்றி ஓட்டும் மீட்புத் தொகுப்பு) பென்டிரைவில் வரும் டிடிரெஸ்க்யூ என்ற காப்பி மென்பொருள் கைகொடுக்கும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசியில் பார்க்கும். எதுவரை வந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் எந்த டிஸ்க்கிலிருந்து, எதற்குக் காப்பி என்ற வரிசையை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

கேள்வி: கேமரா மெமரி கார்டில் படங்களைத் தெரியாமல் அழித்துவிட்டேன். வருமா?
– செம்பூர் வாசகி

பதில்: அதில் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கார்டை உடனே கழற்றிவிடுங்கள். போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் இலவசம், ஃபைலின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பெயரும் ஃபோல்டரும் திரும்பாது, படம் மட்டும் வரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். இதுவே லேப்டாப் எஸ்எஸ்டி-யில் அழித்தது என்றால் நம்பிக்கை குறைவு, எஸ்எஸ்டி-யில் இருக்கும் டிரிம் என்ற வசதி அழித்த இடத்தைப் பெரும்பாலும் உடனே துடைத்துவிடும்.