சீட்டுக்கட்டிலிருந்து கேம் பாய் வரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிண்டெண்டோ நிறுவனம் 1889-ல் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கப்பட்டது என்று தங்கள் குறிப்பொன்றில் படித்து வியந்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். சீட்டு விற்றுக்கொண்டிருந்தவர்கள் வீடியோ கேமுக்கு வந்தது தற்செயல்தானா? அவர்களுடையதைவிடத் திறன் மிகுந்த கருவிகளைப் பிறர் விற்றபோதும் நிண்டெண்டோ வென்றதற்கு விளம்பர பலமே காரணம் என்கிறார் என் நண்பர். அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தங்கள் இரு கேள்விகளுக்கும் விடை தேடினால் குன்பெய் யோகோய் என்ற பொறியாளரிடம் போய்ச் சேர்வோம். மாரியோ என்னும் வீடியோ கேம் பாத்திரத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவை அறிந்த அளவுக்கு உலகம் இவரை அறியவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நிண்டெண்டோவைத் தொடங்கிய ஃபுசாஜிரோ யாமாவுச்சி ஜப்பானின் கியோட்டோவில் செய்து விற்றது ஹனாஃபுடா என்னும் மலர்ச்சீட்டு. அதில் எண்கள் கிடையாது. மாதத்துக்கு நான்கு வீதம் 48 சீட்டுகளில் பைன், பிளம், செர்ரி என்று அந்தந்த மாதத்துக்குரிய மரமோ மலரோ வரையப்பட்டிருக்கும். அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யாமாவுச்சி 1949-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 21. 1956-ல் அமெரிக்கா சென்ற அவர், உலகின் மிகப்பெரிய சீட்டு நிறுவனம் எத்தனை சிறிய அலுவலகத்தில் இயங்குகிறது என்பதை நேரில் கண்டு, இந்தத் தொழிலில் எவ்வளவு உயர்ந்தாலும் எட்டக்கூடிய எல்லை இவ்வளவுதான் என்று உணர்ந்தார். அதன் பிறகு டாக்ஸி, உடனடிச் சோறு என்று கைவைத்த தொழில்கள் நிலைக்கவில்லை. 1964-க்குப் பிறகு சீட்டு விற்பனையும் சரிந்தது. ஆகவே நிண்டெண்டோவின் மாற்றத்தை நான் தற்செயல் என்று சொல்லமாட்டேன். வேறு வழியில்லாத ஒருவர் விடாமல் தேடிய தேடல் அது.

அந்தத் தேடலுக்கு விடை தொழிற்சாலைக்குள்ளேயே கிடைத்தது. 1965-ல் வேலைக்குச் சேர்ந்த யோகோயின் பணி, சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது. ஓய்வு நேரத்தில் அவர் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, பிடியை அழுத்தினால் நீண்டுபோய்ப் பொருளைக் கவ்வும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்ட யாமாவுச்சி அவரைத் தன் அறைக்கு அழைத்தார். திட்டு விழும் என்று அஞ்சிச் சென்றவருக்கு, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி உத்தரவு கிடைத்தது. 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மின்னணு விளையாட்டுக்குச் செல்லும் பாதையில் நிண்டெண்டோ எடுத்து வைத்த முதல் உறுதியான அடி இதுவே என்பது என் கருத்து. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவியை அந்நிறுவனம் 1977-ல் வெளியிட்டபோது, அது பத்தாண்டுக்கு மேல் பழகிய பொம்மை நிறுவனமாக இருந்தது.

யோகோயின் கொள்கை எளிமையானது. புதிதாக வந்த, விலை மிகுந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது. எல்லோரும் பழகி, மலிந்து, குறைகள் தீர்ந்த ஒன்றை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பொருத்த வேண்டும். எழுபதுகளில் ஷார்ப்பும் காசியோவும் கால்குலேட்டர் விலையில் போட்டி போட்டதால் அதன் சில்லும் திரவப் படிகத் திரையும் மிக மலிந்துபோயின. ரயிலில் ஒருவர் சலிப்புத் தீரக் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்ட யோகோய்க்கு, கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி என்ற எண்ணம் பிறந்தது. அதுவே 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ ஆயிற்று. 1982-ல் அந்த வரிசைக்காக ‘டாங்கி காங்’ விளையாட்டைத் தழுவியபோது, மடக்கி மூடும் தட்டையான கருவியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கு இடமில்லை. கட்டைவிரலால் நான்கு திசைக்கும் அழுத்தக்கூடிய, கூட்டல்குறி வடிவிலான ஒற்றைப் பொத்தானை அவர் அமைத்தார். மறு ஆண்டு நிண்டெண்டோவின் மற்றொரு பொறியாளர் மசாயுகி உவேமுரா வடிவமைத்த, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஃபாமிகாம் கருவியின் கைப்பிடியில் (கன்ட்ரோலரில்) அது இடம்பெற்றது. இன்றைய கைப்பிடிகளிலும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

இனி தங்கள் நண்பரின் கூற்றுக்கு வருகிறேன். யோகோய் உருவாக்கி 1989-ல் வெளிவந்த நிண்டெண்டோவின் கைக்கருவியான கேம் பாயின் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளி இல்லை. பச்சை படர்ந்த நான்கு சாயல்கள் மட்டுமே. வண்ணத்திரையோடு போட்டிக்கு வந்த அட்டாரி லின்க்ஸும் சேகா கேம் கியரும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது; விலையும் குறைவு. கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு எது முக்கியம் என்று யோகோய் சரியாகக் கணித்திருந்தார். பின்னர் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் அது விற்றது. வாங்கிய பெற்றோர் பேட்டரிச் செலவையும் கணக்கிட்டுத்தான் வாங்கியிருப்பார்கள்.

விளம்பரம் மட்டுமே போதும் என்றால் 1995-ல் வந்த விர்ச்சுவல் பாய் விழுந்திருக்காது. அதுவும் யோகோயின் படைப்புதான். அமெரிக்காவில் பெருஞ்செலவில் விளம்பரம் செய்தார்கள். மேசைமேல் நிறுத்தி முகத்தைப் பொருத்திக்கொண்டு, கறுப்பும் சிவப்பும் மட்டுமே தெரியும் உலகைப் பார்க்க வேண்டிய அந்தக் கருவி எட்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டு யோகோய் நிறுவனத்தை விட்டு விலகினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் மறைந்தார்.

ஆனால் தங்கள் நண்பர் விட்டுவிட்ட ஒன்றை நானும் விட்டுவிடக் கூடாது. யோகோய் கடைசியாகப் பண்டாய் நிறுவனத்துக்காக உருவாக்கத் துணைநின்ற வொண்டர்ஸ்வான், 1999-ல் ஒரே ஒரு பேட்டரியில் ஓடும் மலிவான கருவியாக வந்தது. அவருடைய கொள்கை அதில் கேம் பாயைவிடவும் தெளிவாகத் துலங்கியது. இருந்தும் கேம் பாயை அதனால் வெல்ல முடியவில்லை. ஏனெனில் 1996-ல் வந்த போகிமான் என்னும் விளையாட்டு கேம் பாய்க்கு மறுவாழ்வு கொடுத்திருந்தது. அதை ஆட விரும்பிய பிள்ளைகள் வேறு கருவியை நாடவில்லை.