கம்பெனிகளிடம் விழிப்புணர்வு கேட்காதீர்கள், பார்க்கிங் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: சென்னை பெருங்குடியில் ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) ஒட்டிய தெருவில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. சுற்றிலும் மூன்று கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் 200 முதல் 600 பேர் வரை வேலை பார்க்கிறார்கள். காலையில் காருக்கு ஒருவராக வருகிறார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் எங்கள் தெருவில் இருபுறமும் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நலச்சங்கம் சார்பில் இரண்டு முறை கடிதம் கொடுத்தோம். "ஊழியர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம்" என்று பதில் வந்ததோடு சரி. கம்பெனிகளிடம் எதைக் கேட்டால் காரியம் நடக்கும்?

பதில்: போஸ்டரும் இமெயிலும் யாரையும் காரை விட்டு இறங்க வைக்காது. காரில் வருபவருக்குக் கம்பெனி ஓர் இடத்தை இலவசமாகத் தருகிறது. பஸ்ஸில் வருபவருக்கு ஒன்றும் தருவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை மற்ற முயற்சிகள் அதிக தூரம் போகாது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது, பார்க்கிங்குக்குப் போகும் பணத்தில் கார் கொண்டு வராதவருக்கும் ஒரு பங்கு.

இது கம்பெனிக்கும் லாபமான பேச்சு. ஓஎம்ஆர் கட்டடங்களில் பொதுவாக 1,000 சதுர அடி வாடகைக்கு ஒரு கார் இடம் சேர்த்துத் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி வாடகை. ஒரு காருக்குக் கோடு போட்ட இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர்தான். ஆனால் வண்டி திரும்பும் வழியையும் சரிவையும் சேர்த்தால், அடித்தளத்தில் ஒரு காருக்குச் சுமார் 32 சதுர மீட்டர், அதாவது 345 சதுர அடி ஆகிறது. ஓர் ஊழியரின் மேசை நாற்காலிக்கு ஒதுக்கும் இடத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை மாதாமாதம் பார்ப்பவர் அட்மின் மேலாளர். முதலில் அவரைப் பாருங்கள், அடுத்து எச்ஆர். உங்கள் இரண்டு கடிதங்களும் எச்ஆருக்குப் போயிருந்தால் அங்கேயே தேங்கியிருக்கும். பல கம்பெனிகள் இருக்கும் கட்டடமென்றால் கேட் யார் கையில் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது கட்டட நிர்வாகத்தின் கையில் இருக்கும். அவர்கள் வராத கூட்டத்தில் எடுக்கும் முடிவு கேட்டைத் தாண்டாது.

வெறுங்கையோடு போகாதீர்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 8 முதல் 10.30 வரை ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு பேர் நின்று எண்ணுங்கள். திங்களும் வெள்ளியும் வேண்டாம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அந்த நாட்களில் அதிகம். தாளில் கால் மணிக்கு ஒரு வரி. ஒருவர் மட்டும் வந்த கார், இருவர் வந்தது, மூவர் அல்லது அதற்கு மேல், டாக்ஸி, கம்பெனி வண்டி, டூவீலர், நடந்து வந்தவர் என்று ஏழு கட்டங்கள். டாக்ஸியில் ஓட்டுநரைச் சேர்த்து எண்ணக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான், ஒருவர் வந்த டாக்ஸி இருவர் வந்ததாகப் பதிவாகிவிடும். கூடவே 10.45-க்கு உங்கள் தெருவில் நிற்கும் வண்டிகளையும் எண்ணி வையுங்கள்.

அடுத்து, ஊழியர்களிடம் ஒரு சிறு கேள்வித்தாள் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு பின்கோடு, பக்கத்து பஸ் ஸ்டாப் அல்லது ரயில் நிலையம், வரும் நேரம், போகும் நேரம், நேற்று எதில் வந்தீர்கள், வழியில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறீர்களா. இவை போதும், முழு முகவரி வேண்டாம். "கார்பூலிங்கில் (ஒரே காரில் பலர் சேர்ந்து வருவது) சேர விருப்பமா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், ஆரம்பிக்கும் நாளில் வர மாட்டார்கள். நேற்று என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் திட்டம் போட முடியும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருபவர்களைக் காலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களை வற்புறுத்தினால் மொத்தத் திட்டத்தின் மேலும் வெறுப்பு வரும்.

இனி பணம். கலிபோர்னியாவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. ஊழியருக்காகப் பார்க்கிங்கை வாடகைக்கு எடுத்துத் தரும் கம்பெனி, இடம் வேண்டாம் என்பவருக்கு அதே மதிப்பைப் பணமாகத் தர வேண்டும். இதைச் செய்த எட்டு நிறுவனங்களை டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார். தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். நம் ஊரில் சட்டம் இல்லாமலே கம்பெனி இதைச் செய்யலாம். கூடுதலாக எடுத்த இடம் ஒன்றின் மாத வாடகையை வேலை நாட்களால் வகுத்து, காரை விட்டுவிட்டு வரும் நாளுக்கு இவ்வளவு என்று ஊழியருக்கு வரவு வைக்க வேண்டும்.

நாள் கணக்கில் வைப்பது முக்கியம். மாதப் பார்க்கிங் பாஸ் கொடுத்தாலோ மாதக் கட்டணம் பிடித்தாலோ, கட்டிய காசு வீணாகக் கூடாது என்று ஊழியர் தினமும் காரை எடுப்பார். நாள் கணக்கென்றால் வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வந்து பார்க்க மனம் வரும். நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். 100 பேர் வாரம் ஒரு நாள் காரை விட்டால் தினமும் 20 இடம் காலியாகும்.

கையில் தரும் பணம் சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரிக்குள் வரும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் இடையே கம்பெனியே வண்டி விட்டால் அந்தப் பயணம் ஊழியரின் வருமானமாகக் கருதப்படாது. ஜிஎஸ்டியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேல் உட்காரும் வண்டியை வாடகைக்கு எடுத்தால் உள்ளீட்டு வரி வரவுக்கு (வாடகையோடு கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) வழியிருக்கிறது, சிறிய வண்டிக்குப் பொதுவாகக் கிடையாது. கம்பெனியின் ஆடிட்டர் இதை முதலிலேயே பார்க்கட்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: மேலாளர்களுக்குக் கார் லீஸும் பெட்ரோல் படியும் இருக்கிறதா? இருந்தால், அதே மட்டத்தில் பஸ், மெட்ரோ செலவைத் திருப்பித் தரும் படியும் வேண்டும். ஒரு கையால் காருக்குக் காசு கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அதை விடச் சொல்வது எடுபடாது.

கார்பூலிங்கின் கணக்கு எளிது. வீடு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், போய்வர ஒரு நாளைக்கு 333 ரூபாய். 22 நாளில் 7,300-ஐத் தாண்டும். மூவர் சேர்ந்தால் ஆளுக்குச் சுமார் 2,450. ஒரே பின்கோடு, வரும் நேரத்தில் 20 நிமிடத்துக்குள் வித்தியாசம், இந்த இரண்டும் பொருந்துபவர்களுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும், தொடக்கத்தில் செயலி எதுவும் வேண்டாம். பெண்கள் மட்டும் குழு வேண்டும் என்பவர்களுக்கு அதையும் கேள்வி கேட்காமல் தர வேண்டும். சொந்த உபயோகக் காரில் ஆள் ஏற்றி லாபம் பார்த்தால் அது வாடகை ஓட்டமாகிவிடும். பெர்மிட் சிக்கல் வரும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். ஆளுக்கொரு வாரம் அவரவர் காரை எடுத்து வருவதுதான் சிறந்த ஏற்பாடு, காசே கை மாற வேண்டாம்.

லிஃப்டுக்குப் பக்கத்து வரிசையை மூவர் வரும் காருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஸ்டிக்கர் கொடுத்து விடாதீர்கள். முதல் வாரம் மூவராக வந்து ஸ்டிக்கர் வாங்கியவர் அடுத்த மாதம் அதே ஸ்டிக்கரோடு தனியாக வருவார். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி அன்றைய தேதி போட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும். 10 மணிக்குப் பிறகு அந்த வரிசை எல்லோருக்கும் திறந்துவிடலாம். காலி இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடித்தளத்தில் மூன்று சுற்றுச் சுற்றினால் யாருக்கும் கோபம் வரும்.

பெருங்குடிக்குப் பறக்கும் ரயில் நிலையம் இருந்தும் பயன் குறைவாக இருப்பது, இறங்கியபின் உள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரால்தான். மூன்று கம்பெனிகளும் தனித்தனியாக வேன் விட்டால் மூன்றும் பாதி காலியாக ஓடும். சேர்ந்து விடுங்கள். கால் மணிக்கு ஒரு வேன் வேண்டும், ஒரு சுற்றுக்கு 40 நிமிடம் என்றால் மூன்று வேன் தேவை. இரண்டை வைத்து ஓட்டினால் இடைவெளி 20 நிமிடமாகும். வெயிலில் 20 நிமிடம் நின்றவர் மறுநாள் காரில் வருவார். ஏறும்போது ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கக் கூடாது, ஒப்பந்த வண்டிக்கான பெர்மிட்டில் அதற்கு இடமில்லை.

பஸ்ஸில் வருபவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது, ஏசி பஸ்ஸும் சேர்ந்தது 2,000 ரூபாய். கம்பெனி இந்தத் தொகையைத் திருப்பித் தந்தால் போதும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் 'சென்னை ஒன்' செயலியில் எடுக்கலாம்.

காரை விட்டு வர ஊழியர் தயங்குவதற்குப் பெரிய காரணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது என்ற பயம். அப்படிப்பட்ட நாளில் கம்பெனி செலவில் டாக்ஸி என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். ஆண்டுக்கு ஆளுக்கு நான்கு முறை என்று வரம்பு வைக்கலாம். உறுதி இருக்கிறது என்ற தைரியமே போதும், மிகச் சிலரே பயன்படுத்துவார்கள். மேலாளரின் அனுமதிக் கையெழுத்து மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் தெருவுக்கு வருவோம். உள்ளே கட்டணமோ கட்டுப்பாடோ வந்த மறுநாள் சில கார்கள் வெளியே வரும், வந்து நிற்பது உங்கள் தெருவில்தான். அதனால் நோ பார்க்கிங் பலகைக்கான மனுவைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டரிடம் முன்கூட்டியே கொடுத்து, பலகை நட்டபிறகுதான் உள்ளே மாற்றத்தைத் தொடங்கச் சொல்ல வேண்டும். ஊழியர் வண்டி எண் பட்டியலைக் கம்பெனியின் கேட்டில் வைத்து, தெருவில் நிற்கும் வண்டியின் எண்ணை நீங்கள் சொன்னால் அரை மணிக்குள் எடுக்க ஏற்பாடு செய்வதாக அட்மினிடம் எழுதி வாங்குங்கள்.

தொடங்க ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையில் முதல் வாரமே தண்ணீர் தேங்கி, எல்லோரும் காருக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே கிழமைகளில், பள்ளிக்கூடம் நடக்கும் வாரத்தில் மறுபடி எண்ணுங்கள். டூவீலர் கட்டத்தைக் கவனியுங்கள். கார் குறைந்து டூவீலர் அதே அளவு கூடியிருந்தால் இடப் பிரச்சினை தீர்ந்திருக்கும், விபத்து அபாயம் கூடியிருக்கும். அப்போது வேன் நேரத்தையும் வழியையும் திருத்த வேண்டும்.

மூன்றில் ஒரு கம்பெனி கடைசிவரை மறுத்தால் காத்திருக்க வேண்டாம், மற்ற இரண்டோடு தொடங்குங்கள். மறுத்த கம்பெனியின் வாடகை ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ ஓஎம்ஆர் வழியாகத்தான் போகிறது. அது ஓடத் தொடங்கியபின் கார் இடங்களைக் குறைத்துக்கொள்ளும் உரிமையைப் புது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொன்னால், அட்மின் மேலாளர் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்.