அலாரம் அடித்தபோதும் விழுந்தாளா?

சனிக்கிழமை ராத்திரி திகில் தொடர் பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வயது மகள் திடீரென்று மயங்கி விழுந்ததைப் பற்றி நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மூன்றாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘ஆறு மாதம் முன்பு காலையில் செல்போன் அலாரம் அடித்ததும் அணைக்கக் கையை நீட்டினவள் அப்படியே கட்டிலில் சரிந்துவிட்டாள், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டோம்.’ எனக்கு அந்த ஒரு வரி போதும். மகளை நாளைக்கே ஈசிஜி எடுக்க அழைத்துப் போங்கள். இந்தப் பதிலின் மீதியைப் போய்விட்டு வந்தும் படிக்கலாம்.

மற்றவர்கள் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி பெரம்பூர் வீட்டு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு ஏழு பேர் சேர்ந்து, விண்கலத்துக்குள் ஒட்டுண்ணி புகுந்த அந்தத் தொடரின் கடைசிக்கு முந்தைய எபிசோடைப் பார்த்திருக்கிறீர்கள். இந்தத் தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எட்டு எபிசோடு என்றால் நமக்குப் பிடித்தவரை ஏழாவதில்தான் கொல்வார்கள். எட்டாவது கருமாதிக்கு. அதனால் ஆளாளுக்கு ஏதோ ஒன்று ஆகத்தான் செய்யும். அக்கா மகன் வாந்தி எடுத்தான் என்கிறீர்கள். பரோட்டாவும் சால்னாவும் தட்டில் இருக்கும்போது திரையில் ஒருவன் வயிறு கிழிந்தால் வேறு என்ன வரும்? சின்னவன் மூன்று ராத்திரி தூங்கவில்லை, இந்நேரம் தூங்கியிருப்பான். நாத்தனார் அழுதார், அழட்டும். உங்கள் கை வாட்ச் 142 என்று காட்டியது. பயந்தால் நாடி ஓடும், பயம் போனால் இறங்கும், உங்களுக்கும் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. அதற்கு மாத்திரை எழுதச் சொல்லாதீர்கள். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. ‘திகில் பார்த்தால் ரத்தம் உறையும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு ஆஸ்பிரின் 75 போட ஆரம்பித்திருக்கிறாராம். அந்தச் செய்திக்கு மூலம் உண்டு. 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்த ஆய்வு அது. ஆரோக்கியமான 24 பேருக்குத் திகில் படம் காட்டிப் பார்த்தார்கள். உறைதலுக்கு உதவும் ஒரு புரதம் ரத்தத்தில் கொஞ்சம் கூடியது. ரத்தம் உண்மையில் உறையத் தொடங்கியதற்கு அடையாளம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும்போது முதல் பாதி மட்டும் வரும். அவருக்கு இதயக் கோளாறு ஏதும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆஸ்பிரினை நிறுத்தட்டும், வயிற்றுப் புண்தான் மிஞ்சும்.

இப்போது மகள். நான்கு பக்கத்திலும் நீங்கள் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்த சொல் வலிப்பு. விழுந்ததும் பாட்டி பீரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார், கை இரண்டு முறை வெட்டியது, ‘பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, ஊர் பேர் போட வேண்டாம்’ என்று முடித்திருக்கிறீர்கள். வலிப்பு என்றே வைத்துக்கொண்டாலும் அது ஒன்றும் வாழ்க்கை முடிகிற சங்கதி இல்லை. மாத்திரை இருக்கிறது. படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு நடந்தது வலிப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை. காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரை நிமிடம் போலக் கிடந்தவள் கண்ணைத் திறந்ததும் கேட்டது, ‘என்ன ஆச்சு? அவன் செத்துட்டானா?’ கதை எங்கே நின்றது என்பது வரை நினைவு இருக்கிறது. பெரிய வலிப்பு வந்து தெளிகிறவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். கால் மணி, அரை மணி திருதிருவென விழிப்பார்கள், சிலருக்கு நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும், உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். கை இரண்டு முறை வெட்டியதை வைத்து முடிவு கட்ட முடியாது. மூளைக்குச் சில நொடி ரத்தம் போகாவிட்டால் எந்த மயக்கத்திலும் கை கால் வெட்டலாம். அப்புறம், சாவிக்கொத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

திரை வெளிச்சம் மினுக்கியதால் இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்விதான். 1997 டிசம்பர் 16-ந் தேதி ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை மாறி மாறிச் சில நொடிகள் மின்னின. ஏறக்குறைய 685 குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மினுக்கும் வெளிச்சக் காட்சிகளுக்கு இப்போது எச்சரிக்கை போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உங்கள் மகள் விழுந்த இடத்தில் வெளிச்சமே இல்லை. திரை முழுக்க இருட்டு, ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம்கூட இல்லை, திடீரென்று இரும்புக் கதவு படாரென அறைந்தது, விழுந்தாள். அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்? அதற்கு முன் ரத்தமும் சதையுமாக இருபது நிமிடம் ஓடியபோது முறுக்கு தின்றுகொண்டே பார்த்தவள் அவள்.

இதுதான் என்னை உறுத்துகிறது. ரத்தத்தைப் பார்த்து மயங்குகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். ஊசி போட வந்த மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் சாய்வான். அந்த மயக்கம் சொல்லிக்கொண்டு வரும். கொட்டாவி, வியர்வை, காது அடைப்பு, கண்ணில் பூச்சி பறப்பது, ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்று கேட்க நேரமும் இருக்கும். காலை மேலே தூக்கிப் படுக்க வைத்தால் சரியாகிவிடும், ஈரல் கெடாது, இதயம் கெடாது. உங்கள் மகளுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சத்தம், உடனே சரிவு. அலாரம் அடித்த அன்றைக்கு அவள் எழுந்து நிற்கக்கூட இல்லை, படுத்திருந்தாள். படுத்திருப்பவருக்குச் சாதாரண மயக்கம் வருவது அபூர்வம்.

பல வருடம் முன்பு ஒரு பையனை அழைத்து வந்தார்கள். நாலு வருடமாக வலிப்பு மாத்திரை. பலன் இல்லை. அப்பாவிடம் எப்போதெல்லாம் விழுகிறான் என்று கேட்டேன். ‘தீபாவளிக்குத் தப்பாம வந்துடும் டாக்டர்’ என்றார். எந்த வெடிக்கு என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். லட்சுமி வெடி. பக்கத்தில் வைத்தால், அதுவும் அவன் எதிர்பார்க்காதபோது. அவர்கள் கொண்டுவந்த தடித்த ஃபைலில் பழைய ஈசிஜி ஒன்று மடித்துக் கிடந்தது. ஓரத்தில் இயந்திரம் ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தது, யாரும் ஸ்கேலை வைத்து அளக்கவில்லை. அளந்தேன். க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பின் மின்சாரம் தொடங்கி அடங்கும் வரை ஆகும் நேரம், நீண்டிருந்தது.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரத்தைச் செலவழித்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் அடிபம்பு இருந்த காலம் ஞாபகம் இருக்கும். கைப்பிடி முழுதாக மேலே வருவதற்குள் மறுபடி அழுத்தினால் தண்ணீர் வராது, கைப்பிடிதான் லொடலொடவென ஆடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தத் திரும்பச் சேர்க்கும் நேரம் நீளம், ஈசிஜியில் க்யூடி நீண்டு தெரிவது அதனால்தான். அந்த நேரத்தில் திடீரென்று ஒரு அதிர்ச்சி கிடைத்தால் இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே ஆடும். ஆள் விழுந்துவிடுவார். பெரும்பாலும் தானே சரியாகும். சில சமயம் ஆகாது. 1957-ல் நார்வேயில் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். நீள் க்யூடி என்கிற இந்தக் கோளாறு ஏறக்குறைய 2000 பேரில் ஒருவருக்கு இருக்கும். ஒரு வகைக்கு அலாரம், டெலிபோன் மணி மாதிரி திடீர்ச் சத்தம் ஆகாது. இன்னொரு வகைக்கு ஓட்டமும் நீச்சலும் ஆகாது.

நீச்சல் என்றதும் உங்கள் நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் தம்பி, 22 வயது, திண்டிவனம் பக்கத்தில் சொந்தக் கிணற்றில் குதித்தவர் மேலே வரவில்லை, நன்றாக நீச்சல் தெரிந்தவர், ‘காத்து கருப்பு அடித்துவிட்டது’ என்று ஊரில் சொன்னார்கள், ஆகவே மகளுக்கும் அப்படி ஏதாவது இருக்குமோ என்று பாட்டி பயப்படுகிறார். பாட்டியைச் சிரித்து ஒதுக்காதீர்கள். காத்து கருப்பு இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே குடும்ப விஷயமாகப் பார்த்தது உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். நீள் க்யூடி குடும்பத்தில் இறங்கும். பெரும்பாலான வகைகளில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கோபம் வருகிற இடம் இதுதான். அந்த வாரம் அவளுக்குத் தொண்டை வலி. மெடிக்கலில் சொல்லி வாங்கிய அசித்ரோமைசின் மூன்று நாள். வாந்தி வரவே டோம்பெரிடோன், அதுவும் அங்கேயே. இந்த இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. வாந்தியில் உடம்பின் பொட்டாசியம் இறங்கினால் அதுவும் சேர்ந்து நீட்டும். நல்ல இதயத்துக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஏற்கனவே நீளமாக இருக்கிற இதயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, மேலே அந்த இரும்புக் கதவு. அதோடு விட்டீர்களா? கூகுளில் பார்த்து ‘பேனிக் அட்டாக்’ என்று முடிவுகட்டி, பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்து பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இனி அவள் வாயில் எந்த மாத்திரை போவதாக இருந்தாலும் ஈசிஜி பார்த்த டாக்டர் சொன்ன பிறகுதான். வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் இரண்டும் இதே பட்டியல்தான்.

ஈசிஜி எந்த கிளினிக்கிலும் எடுக்கலாம், வலி இல்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் ‘மயக்கம் வந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அலாரம், கதவுச் சத்தம், கிணறு, அந்த இரண்டு மாத்திரை, நான்கையும் சொல்லி, ‘க்யூடியைக் கையால் அளந்து பாருங்கள்’ என்று கேளுங்கள். பெண்களுக்கு, நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி அளவு 460 மில்லி செகண்டைத் தாண்டினால் யோசிக்க வேண்டும், 500 என்றால் அன்றைக்கே இதய மருத்துவர். அளவு சரியாக வந்தாலும் இந்தக் கதைக்கு இதய மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். சிலருக்குச் சும்மா இருக்கும்போது எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்து, டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளிப்படும். உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம், அங்கே இதயப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இருப்பது உறுதியானால் பெரும்பாலானவர்களுக்குத் தினசரி மாத்திரையே போதும். சிலருக்கு மட்டும் நெஞ்சில் கருவி வைக்க வேண்டி வரும். ப்ரொப்ரனலால்தானே அந்த மாத்திரை என்று தெரிந்துகொண்டு மெடிக்கலுக்கு ஓடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் அது வேறு வினை.

அதுவரை பள்ளியில் பி.டி. பீரியடில் ஓட வேண்டாம், நீச்சல் கூடவே கூடாது, மெரினாவில் கால் நனைப்பதோடு சரி. அலாரத்தை அவள் அறையிலிருந்து எடுத்துவிட்டு நீங்கள் போய்த் தொட்டு எழுப்புங்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து ‘பே’ என்று கத்துகிற அக்கா மகனை ஒரு அதட்டு அதட்டி வையுங்கள். திரும்ப விழுந்தால் சமமாகக் கிடத்துங்கள், மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 108-க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி அழுத்தி விட வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.

கடைசி எபிசோடு வருகிற வெள்ளிக்கிழமை வருகிறதாம், பார்க்கலாமா என்று அவளே ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். டாக்டர் பார்த்து முடிக்கும் வரை வேண்டாம் கண்ணு. ஓடிடி எங்கேயும் ஓடிப்போகாது. அவன் செத்தானா இல்லையா என்பதை அண்ணன்கள் பகலில், மெதுவான குரலில், உனக்குச் சொல்லட்டும்.